ஆசிரியர் சங்கத்தில் சேர்ந்தால் வேலை போய்விடுமா?

கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்த சில வாரங்களிலேயே, ஆசிரியர் அறையில் மூத்தவர் ஒருவர் ரசீதுப் புத்தகத்தோடு பக்கத்தில் வந்து உட்காருவார். “சங்கத்துல பேரு போட்டுடலாமா சார்?” உடனே சரி என்பவர்கள் உண்டு. “வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்” என்று நழுவுகிறவர்கள் அவர்களைவிட அதிகம். தமிழகக் கல்லூரி ஆசிரியர்களிடையே இதுபற்றி அடிக்கடி எழும் சந்தேகங்களையும் அவற்றுக்கான விளக்கங்களையும் இங்கே தருகிறோம். கீழே வரும் பல கேள்விகளுக்கு எல்லாருக்கும் பொதுவான பதில் கிடையாது. நீங்கள் இருப்பது அரசுக் கல்லூரியா, நிதியுதவி பெறும் கல்லூரியா, சுயநிதிக் கல்லூரியா என்பதைப் பொறுத்துப் பதில் தலைகீழாகக்கூட மாறும்.

சங்கத்தில் சேர முதல்வரிடமோ நிர்வாகத்திடமோ அனுமதி வாங்க வேண்டுமா?

வேண்டாம். சங்கம் அமைக்கும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(சி) பிரிவு எல்லாக் குடிமக்களுக்கும் தருகிறது. அரசு ஊழியர்கள் அதற்கு விலக்கல்ல. ‘அரசு அங்கீகரிக்காத சங்கத்தில் ஊழியர் உறுப்பினராகக் கூடாது’ என்று மத்திய அரசின் நடத்தை விதிகளில் ஒரு விதி இருந்தது. 1962இல் ஓ.கே.கோஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விதியையே செல்லாது என்று அறிவித்துவிட்டது. அங்கீகாரம் இருந்தால் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடுவார்கள், கடிதத்துக்குப் பதில் வரும். அது இல்லை என்பதற்காக உறுப்பினராகும் உரிமை போய்விடாது.

சுயநிதிக் கல்லூரி ஆசிரியர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அடிப்படை உரிமைகள் முதன்மையாக அரசைக் கட்டுப்படுத்துபவை. தனியார் அறக்கட்டளை ஒன்று உங்களை வேலையைவிட்டு அனுப்பினால், ‘என் 19ஆம் பிரிவு உரிமை பறிபோயிற்று’ என்று நேராக உயர் நீதிமன்றப் படியேறுவது அவ்வளவு எளிதல்ல. உரிமை எல்லாருக்கும் ஒன்றுதான். அதை நிலைநாட்டும் வழிதான் ஆளுக்கு ஆள் வேறு.

எந்தச் சங்கத்தில் சேர்வது? ஏகப்பட்ட பெயர்கள் காதில் விழுகின்றனவே?

அரசுக் கல்லூரிகளில் தமிழ்நாடு அரசுக் கல்லூரி ஆசிரியர் கழகம் போன்ற அமைப்புகள் இருக்கின்றன. நிதியுதவி பெறும் கல்லூரிகள் என்றால் ஏயுடி எனப்படும் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கம். மதுரை காமராசர், மனோன்மணியம் சுந்தரனார், அன்னை தெரசா, அழகப்பா ஆகிய பல்கலைக்கழகங்களின் எல்லைக்குள் வரும் கல்லூரிகளில் மூட்டா. கௌரவ விரிவுரையாளர்களுக்குத் தனி அமைப்புகள் பல. தேசிய அளவிலான கூட்டமைப்பு அய்ஃபக்டோ. உங்கள் கல்லூரியில் கிளை எதற்கு இருக்கிறதோ அதில் சேர்வதுதான் நடைமுறை. மாநிலத் தலைமை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், துறைத்தலைவர் உங்களுக்கு மெமோ கொடுக்கும் நாளில் உடனே எழுந்து வரப்போவது கிளைச் செயலாளர்தான்.

கிளையே இல்லாத கல்லூரி என்றால்?

தொடங்கலாம். புதிய சங்கமாகவே பதிவு செய்வதற்கும் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி ஏழு பேர் போதும். விதிமுறைகளை எழுதி மாவட்டப் பதிவாளரிடம் பதிய வேண்டும். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டிக் கணக்கையும் தாக்கல் செய்ய வேண்டும். ஆனால் ஏற்கெனவே உள்ள சங்கத்தின் கிளையாகத் தொடங்குவதே நல்லது என்பேன். ஏழே பேர் தனியாக நின்றால் அந்த ஏழு பெயர்களும் மறுநாளே நிர்வாகத்தின் மேசைக்குப் போய்விடும்.

சங்கம் என்றால் தொழிற்சங்கம்தானே? பிரச்சினை வந்தால் தொழிலாளர் நீதிமன்றம் போகலாமா?

பலரும் ஏமாறும் இடம் இது. 1978இல் பெங்களூரு குடிநீர் வாரிய வழக்கில் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு, கல்வி நிறுவனமும் சட்டப்படி ஒரு ‘தொழில்’தான் என்றது. ஆசிரியர்களுக்கும் வழி பிறந்துவிட்டது என்ற நம்பிக்கை பத்தாண்டுகள்தான் நீடித்தது. கோவாவில் பணிநீக்கம் செய்யப்பட்ட பள்ளி ஆசிரியை ஒருவர் தொடுத்த சுந்தராம்பாள் வழக்கில், 1988இல் உச்ச நீதிமன்றம் வேறொரு கோணத்தில் பார்த்தது. நிறுவனம் தொழிலாக இருக்கலாம், ஆனால் கற்பித்தல் என்பது உடலுழைப்போ எழுத்தர் வேலையோ தொழில்நுட்ப வேலையோ அல்ல, ஆகவே ஆசிரியர் ‘தொழிலாளர்’ ஆகமாட்டார் என்று தீர்ப்பு வந்தது. ஆசிரியப் பணி மிக உயர்ந்த பணி என்ற பாராட்டும் அந்தத் தீர்ப்பில் இருந்தது.

இதன் விளைவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்தத் தீர்ப்புக்குப் பின், ஒரே தனியார் கல்லூரியில் பேருந்து ஓட்டுநரை நீக்கினால் அவர் தொழிற்தகராறு எழுப்பலாம். அலுவலக எழுத்தரும் எழுப்பலாம். முனைவர் பட்டம் பெற்ற பேராசிரியரால் முடியாது. ‘புனிதப் பணி’ என்ற பட்டத்துக்கு இவ்வளவு பெரிய விலையா என்று ஆசிரியர்கள் கேட்பதில் நியாயம் இருக்கவே செய்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம், 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்தையும் 1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறு சட்டத்தையும் தனக்குள் இழுத்துக்கொண்டது. அதில் உள்ள ‘தொழிலாளர்’ வரையறையும் ஆசிரியரைப் பெயர் சொல்லிச் சேர்க்கவில்லை.

இன்னொரு வேறுபாடும் உண்டு. தொழிற்சங்கமாகப் பதிவான அமைப்பின் நிர்வாகிகளுக்கு, தகராறு தொடர்பான செயல்களுக்காகச் சில உரிமையியல், குற்றவியல் வழக்குகளிலிருந்து சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிந்த அமைப்புக்கு அது கிடையாது. சேரும் முன் உங்கள் சங்கம் எந்தச் சட்டத்தின் கீழ் பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டிய கேள்வி அல்ல.

நிதியுதவி பெறும் கல்லூரியில் இருக்கிறேன். சங்கப் பொறுப்பேற்றால் நிர்வாகம் பழிவாங்காதா?

முயலலாம், ஆனால் கை கட்டப்பட்டிருக்கிறது. கட்டியது தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் (ஒழுங்குமுறை) சட்டம் 1976. ஆசிரியரைப் பணிநீக்கம் செய்யவோ பதவி இறக்கவோ உரிய அதிகாரியின் முன் அனுமதி வேண்டும் என்கிறது அது. குற்றச்சாட்டைச் சொல்லி, விளக்கம் கேட்டு, விசாரித்த பிறகே எதுவும் நடக்க வேண்டும். தற்காலிகப் பணிநீக்கத்தையும் இஷ்டத்துக்கு இழுத்துக்கொண்டே போக முடியாது. மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு. சம்பளம் அரசுப் பணம் என்பதால் கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகம் நடுவில் இருக்கிறது. நிர்வாகத்தின் கோபம் ஒன்றே ஒருவரை வீட்டுக்கு அனுப்பப் போதாது.

சிறுபான்மைக் கல்லூரிகளின் கதை வேறு. முன் அனுமதி கேட்கும் இதுபோன்ற ஏற்பாடு அவற்றின் நிர்வாக உரிமையில் தலையிடுவதாகும் என்று 1974இலேயே, அகமதாபாத் தூய சவேரியார் கல்லூரி வழக்கில், ஒன்பது நீதிபதிகள் அமர்வு முடிவு செய்தது. குஜராத் பல்கலைக்கழகச் சட்டத்தைப் பற்றிய தீர்ப்பு என்றாலும், அதன் நிழல் இங்கேயும் விழுகிறது. அதற்காகச் சிறுபான்மைக் கல்லூரிகளில் சங்கமே இல்லை என்று நினைக்க வேண்டாம். அங்கே தற்காப்புக்குச் சட்டப் புத்தகத்தைவிட உறுப்பினர் எண்ணிக்கையே கைகொடுக்கும்.

சுயநிதிக் கல்லூரியில் இருக்கிறேன். எனக்கெல்லாம் சங்கம் சாத்தியமா?

சங்கம் மிகவும் தேவைப்படுகிறவர் நீங்கள்தான். பாதுகாப்பு மிகக் குறைவாக இருப்பதும் உங்களுக்குத்தான். இந்த முரண்பாட்டை மறைத்து ஆறுதல் சொல்வதில் பயனில்லை.

வங்கிக் கணக்கில் ஒரு தொகையைப் போட்டுவிட்டு அதில் ஒரு பகுதியைப் பணமாகத் திரும்ப வாங்கிக்கொள்வது, அசல் சான்றிதழ்களை அலுவலகப் பீரோவில் பூட்டி வைப்பது, மாணவர் சேர்க்கைக்கு ஆள் பிடித்து வரச் சொல்வது, கோடை விடுமுறைக்குச் சம்பளம் தராதது. சுயநிதித் துறையில் இருப்பவர்களுக்கு இவை எதுவும் புதிய செய்தி அல்ல. நிதியுதவி பெறும் கல்லூரியிலேயே மாலை நேர வகுப்பு எடுக்கும் சுயநிதிப் பிரிவு ஆசிரியர்களும் இந்தக் கணக்கில்தான் வருகிறார்கள். ஒரே கட்டடம், ஒரே பாடத்திட்டம். சம்பளத்துக்கு மட்டும் இரண்டு உலகம்.

2002இல் டி.எம்.ஏ. பை வழக்கில் பதினோரு நீதிபதிகள் அமர்வு, அரசு உதவி பெறாத கல்லூரிகள் ஆசிரியர்மீது நடவடிக்கை எடுக்க அரசின் முன் அனுமதி தேவையில்லை என்று சொன்னது. கூடவே, பாதிக்கப்பட்ட ஆசிரியருக்காக மாவட்டந்தோறும் கல்வித் தீர்ப்பாயம் வேண்டும், அது அமையும்வரை அரசு அறிவிக்கும் மாவட்ட நீதிபதியிடம் மேல்முறையீடு செய்ய வழி வேண்டும் என்றும் சொன்னது. முன் அனுமதி தேவையில்லை என்ற பாதியை எல்லா நிர்வாகங்களும் மனப்பாடமாக வைத்திருக்கின்றன. மற்ற பாதியைப் பேச ஒரு சங்கம் வேண்டியிருக்கிறது.

கையில் இருக்கும் ஆயுதங்களும் உண்டு. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கல்வி நிறுவனத்தில் வருங்கால வைப்பு நிதி கட்டாயம். மகப்பேறு விடுப்பு 26 வாரம், ஊதியத்துடன். பணிக்கொடையின் வரலாறு இன்னும் சுவாரசியமானது. ஆசிரியர்கள் பணிக்கொடைச் சட்டத்தின்படி ‘ஊழியர்’ அல்லர் என்று 2004இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்காடித் தோற்றது அகமதாபாத் தனியார் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களின் சங்கம். அந்தத் தோல்விக்குப் பிறகுதான் நாடாளுமன்றம் 2009இல் சட்டத்தைத் திருத்தியது, அதுவும் 1997 ஏப்ரல் 3 முதல் பின்தேதியிட்டு. தனியார் பள்ளி நிர்வாகங்கள் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போயின. 2022 ஆகஸ்டில் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. இன்று ஐந்தாண்டு தொடர்ந்து பணிபுரிந்த சுயநிதிக் கல்லூரி ஆசிரியர், ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஊதியம் என்ற கணக்கில் பணிக்கொடை கேட்கலாம். நிர்வாகம் இழுத்தடித்தால் அதற்கென உள்ள தொழிலாளர் துறை அதிகாரியிடம் மனுப் போடலாம். 2004இல் தோற்ற அந்த வழக்கு, ஊர் பேர் தெரியாத ஆசிரியர்கள் சிலர் சந்தா கட்டி நடத்தியது.

நடைமுறை யோசனை ஒன்று. சுயநிதிக் கல்லூரியில் வெளிப்படையான கிளை ஆரம்பிப்பதற்கு முன், மாவட்ட அளவிலான அமைப்பில் தனி உறுப்பினராகச் சேருங்கள். பணி ஓய்வு பெற்றவர்களோ வேறு கல்லூரியில் இருப்பவர்களோ நிர்வாகிகளாக இருக்கும் சங்கம் என்றால் இன்னும் நல்லது. புகார்க் கடிதம் அவர்கள் கையெழுத்தில் போகும். பணி நியமன ஆணை, சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை, வருகைப் பதிவு ஆகியவற்றின் நகல்களை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். நியமன ஆணையே தரவில்லை என்றால் முதல் வேலை அதைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்புவது. பதில் வராது. வராவிட்டாலும் நீங்கள் அனுப்பிய அஞ்சல் ஒரு ஆவணம்.

சங்கத்தில் சேர்ந்தால் வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டே ஆக வேண்டுமா? கலந்துகொண்டால் வேலை போகுமா?

சங்கம் அமைக்கும் உரிமை வேறு, வேலைநிறுத்த உரிமை வேறு. முதலாவது அடிப்படை உரிமை, இரண்டாவது அப்படி அல்ல என்று 1961 முதலே உச்ச நீதிமன்றம் சொல்லிவருகிறது. அடுத்த ஆண்டில் காமேஷ்வர் பிரசாத் வழக்கில், அமைதியான ஆர்ப்பாட்டத்தை அரசு ஊழியருக்கு ஒட்டுமொத்தமாகத் தடை செய்ய முடியாது என்றும் சொல்லிவிட்டது. வாயிற்கூட்டம், கறுப்புப் பட்டை, விடுமுறை நாளில் தர்ணா என்று சங்கங்கள் போராட்டத்தை அடுக்கடுக்காக வகுப்பதற்கு இந்த வேறுபாடும் ஒரு காரணம். விடைத்தாள் திருத்தும் பணியைப் புறக்கணிப்பது கல்லூரி ஆசிரியர்களுக்கே உரிய ஆயுதம். கூர்மையானதும்கூட. ஆனால் வெட்டு முதலில் விழுவது மாணவர்மீது என்பதால், அதை எடுப்பதற்கு முன் சங்கம் ஒன்றுக்கு இரண்டு முறை யோசிப்பது நல்லது.

பயத்தின் வேர் 2003இல் இருக்கிறது. அந்த ஆண்டு ஜூலை 2இல் தொடங்கிய வேலைநிறுத்தத்தில், எஸ்மா என்று எல்லாரும் இன்றும் குறிப்பிடும் அத்தியாவசியப் பணிகள் சட்டத்தின் கீழ், அரசு ஊழியர்களும் ஆசிரியர்களுமாக ஏறத்தாழ 1.70 லட்சம் பேர் ஒரேயடியாக நீக்கப்பட்டார்கள். டி.கே.ரங்கராஜன் வழக்கில் ஆகஸ்ட் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ தார்மீக உரிமையோ கிடையாது என்றது. மன்னிப்பும், 1973ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் 22ஆவது விதியை மீறமாட்டேன் என்ற உறுதிமொழியும் எழுதிக் கொடுத்துத்தான் பெரும்பாலோர் திரும்பினார்கள். அந்தத் தீர்ப்பு சங்கங்களைக் கலைக்கவில்லை. 2019 ஜனவரியில், ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ ஒன்பது நாள் வேலைநிறுத்தம் நடத்தியது.

உறுப்பினராக இருந்துகொண்டே ஒரு குறிப்பிட்ட வேலைநிறுத்தத்தில் கலந்துகொள்ளாமல் இருக்கலாம். சட்டப்படி தடையில்லை. ஆசிரியர் அறையில் சில நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள், அதைத் தாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

போராட்டம் தவிர சங்கம் வேறென்ன செய்கிறது?

பெரும்பாலும் கோப்புக்குப் பின்னால் ஓடுகிறது. ஊதிய நிர்ணயம், பணி மேம்பாட்டுத் திட்டத்தில் வரும் பதவி உயர்வு, அதன் நிலுவைத் தொகை, ஓய்வு பெறுகிறவரின் ஓய்வூதியக் கருத்துரு. இவை எல்லாம் இணை இயக்குநர் அலுவலகத்தில் ஏதாவது ஒரு மேசையில் உட்கார்ந்துவிடும். யுஜிசி 2018இல் கொண்டுவந்த ஒழுங்குமுறைகள் ஒன்று சொல்லும், மாநில அரசாணை வேறு சொல்லும், தணிக்கைக்காரர் மூன்றாவதாக ஒன்று சொல்வார். தனி ஆசிரியர் ஒருவரால் இந்த மூன்றையும் ஒன்றாக உட்காரவைக்க முடியாது. நல்ல கிளைச் செயலாளர் என்பவர் அரசாணை எண்களைத் தூக்கத்திலும் சொல்கிறவர். பல்கலைக்கழகப் பேரவைக்கும் ஆட்சிக்குழுவுக்கும் ஆசிரியர்களின் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல்களிலும் சங்கங்களின் கை இருக்கிறது. கேள்விகேட்க ஆளில்லாத ஆட்சிக்குழுவில் கட்டண உயர்வு எவ்வளவு சுலபமாக நிறைவேறும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கொள்கை அளவிலும் ஒரு சான்று. 2025 அக்டோபரில் தனியார் பல்கலைக்கழகங்கள் திருத்த மசோதா சட்டப்பேரவையில் நிறைவேறியது. நிதியுதவி பெறும் கல்லூரிகள் தனியார் பல்கலைக்கழகங்களாக மாற அது வழிவிடும், இடஒதுக்கீடும் குறைந்த கட்டணமும் ஆசிரியர் பணிப் பாதுகாப்பும் அடிபடும் என்று ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. அரசியல் கட்சிகளும் கல்வியாளர்களும் சேர்ந்துகொண்டார்கள். சில நாட்களிலேயே, மசோதாவைத் திரும்பப் பெற்று மறு ஆய்வு செய்வதாக அரசு அறிவித்தது.

சங்கங்கள் கட்சிச் சார்பானவை என்கிறார்களே?

சாய்வு உண்டு, எல்லாருக்கும் தெரியும். அரசுக் கல்லூரி ஆசிரியர் அரசியல் கட்சியில் உறுப்பினராக நடத்தை விதிகள் இடம் தருவதில்லை. சங்க உறுப்பினர் ஆவதற்கு அந்தத் தடை பொருந்தாது. தலைமையின் அரசியல் பிடிக்கவில்லை என்றால் பொதுக்குழுவில் பேசுங்கள், தேர்தலில் நில்லுங்கள். பத்தாண்டுகளாகத் தேர்தலே நடக்காத சங்கம் என்றால் மட்டும் யோசியுங்கள். எந்தக் கட்சி என்பதைவிடப் பெரிய கேள்வி அது.

கௌரவ விரிவுரையாளரைச் சேர்த்துக்கொள்வார்களா?

சங்கத்துக்குச் சங்கம் விதி வேறு. நிரந்தரப் பணியாளருக்கு மட்டும் என்று வைத்திருக்கும் அமைப்புகளும் உண்டு, அது குறுகிய பார்வை. அரசுக் கலைக் கல்லூரிகளில் பாடம் நடப்பதே ஆயிரக்கணக்கான கௌரவ விரிவுரையாளர்களால்தான். தகுதி உள்ளவர்களுக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய் என்று யுஜிசி 2019இல் வரையறுத்தது. அந்தத் தொகையைக் கேட்டு அவர்கள் ஆண்டுதோறும் தெருவில் உட்காருகிறார்கள். நிரந்தரப் பணியிடங்கள் நிரப்பப்படாமல் கிடக்கும்போது, நிரந்தர ஆசிரியர்களுக்கு மட்டுமான சங்கத்தில் ஓய்வுபெறுகிறவர் எண்ணிக்கை கூடும், சேர்கிறவர் எண்ணிக்கை குறையும். ஒரு கட்டத்தில் அது ஓய்வூதியர் சங்கமாகிவிடும். சங்கங்கள் போதிய இடம் தராத இன்னொரு தரப்பு பெண்கள். ஆசிரியர் அறையில் அவர்கள் கணிசம், மேடை நாற்காலிகளில் எண்ணிவிடலாம். மாலை ஆறு மணிக்கு மேல் தொடங்கும் செயற்குழுக் கூட்டம் யாரை வரவிடாமல் செய்கிறது என்று சங்கங்கள் தங்களைக் கேட்டுக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

சந்தா எவ்வளவு? சேர்வது எப்படி?

தொகை சங்கத்தைப் பொறுத்தது. ஆண்டுச் சந்தா, வழக்கு நிதி, மாநாட்டு நிதி என்று தனித்தனியாகக் கேட்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ரசீது வாங்குங்கள். சந்தாவைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ள எழுதிக் கொடுப்பது சிலருக்கு வசதி. நிர்வாகத்துக்குத் தெரிய வேண்டாம் என்பவர்கள் நேரில் கட்டலாம். உறுப்பினர் படிவத்தை நிரப்பும்போது விதிமுறைப் புத்தகத்தின் பிரதி ஒன்றும் கேட்டு வாங்குங்கள். ‘பிறகு தருகிறேன்’ என்றால் சென்ற ஆண்டின் வரவு செலவு அறிக்கையையாவது காட்டச் சொல்லுங்கள். பணியில் சேர்ந்த தேதி, நியமன ஆணை எண், பணியிட ஒப்புதல் விவரம் ஆகியவற்றைப் படிவத்தில் சரியாக எழுதுங்கள். பின்னால் சங்கம் உங்களுக்காக மனுப் போடும்போது அந்தத் தாளிலிருந்துதான் விவரம் எடுப்பார்கள்.